அப்பா, அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைங்க

இந்தப் பதிவை யாராவது ஒரு அங்கிள் என் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்வார், "உங்க பொண்ணு எழுதினது பாத்தீங்களா" என்று. செய்யட்டும். என் அப்பாவும் படிக்க வேண்டிய பதிவுதான் இது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். வயது 12. என்னை அக்கா என்று கூப்பிடுவான். போன கோடை விடுமுறையில் அவனையும் அவன் தங்கையையும் சான் ஃபிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஸ்ப்ரெக்கெல்ஸ் ஏரி என்று ஒன்று உண்டு. பே ஏரியாவில் பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாதிரிப் படகு விடுவதற்கென்றே வெட்டிய செயற்கை ஏரி. 1904இல் திறந்தார்கள். அங்கே படகு விடும் சான் ஃபிரான்சிஸ்கோ மாடல் யாட் கிளப் அதைவிடப் பழையது, 1898இல் தொடங்கியது. அதே 1898இல்தான் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கம்பி எதுவும் இல்லாமல் ரேடியோ அலையால் ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டினார். அந்த நவம்பரில் காப்புரிமையும் வாங்கினார். இன்று நாம் ரிமோட் என்று கையில் வைத்து அழுத்துகிற எல்லாவற்றுக்கும் தாத்தா அந்தப் படகு.

அன்று ஏரியில் ஒரு பெரியவர் ஓர் இழுவைப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டையாக, குட்டையாக, ஷூ பெட்டி போல இருந்தது. அது ஓர் ஆரஞ்சுப் பந்தை மூக்கால் முட்டி முட்டி இரண்டு மிதவைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனது. பையன் அரை மணி நேரம் அசையாமல் பார்த்தான். போனைக் கையில் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் கேட்டான்: "அக்கா, அத நானே செய்ய முடியுமா?"

"நானே" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தச் சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

முடியும் என்று சொன்னேன். இரண்டு படகு கட்டியிருக்கிறேன், அந்தத் தைரியம். வரைபடத்தை அச்செடுத்து, அவர்கள் வீட்டு கராஜில் பிளைவுட் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டோம். அவன் போட்ட கோடு கோணலாக இருந்தது. அழித்துவிட்டு அவனே திரும்பப் போட்டான். பிறகு எனக்குக் கல்லூரியில் பரீட்சை வந்தது. இரண்டு வாரம் போக முடியவில்லை.

மூன்றாவது வாரம் போனால் படகு தயார். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. மேலே சின்னதாக ஒரு கேபின், அதில் எல்இடி விளக்கு. ஒயர்களையெல்லாம் ஜிப் டை போட்டு, லேபிள் ஒட்டி, டேட்டா சென்டர் போல அடுக்கியிருந்தார் அவன் அப்பா. நாலு ராத்திரியில் முடித்தாராம். "இவன் பண்ணா டிசம்பர் ஆகும்மா" என்று சிரித்தார். பையன் சோபாவில் உட்கார்ந்து கேம் விளையாடிக்கொண்டிருந்தான். "நல்லா வந்திருக்கு இல்லக்கா?" என்று தலை நிமிராமலே கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியதைச் சொல்வது போல இருந்தது.

ஏரிக்குப் போனோம். பத்து நிமிடம் ஓடியது, நின்றுவிட்டது. பையன் ரிமோட்டை அப்பாவிடம் நீட்டிவிட்டு வாத்துகளைப் பார்க்கப் போய்விட்டான். ஏன் நின்றது என்று அவன் கேட்கவே இல்லை. அவன் எதற்குக் கேட்க வேண்டும்? அது அவன் படகு இல்லையே.

எடிசனிலும் பிளேனோவிலும் இதைப் படிக்கிற உங்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு நாம் கொண்டு போன எரிமலை, சோலார் அடுப்பு, பாலம் எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். யார் செய்தது? என் சோலார் அடுப்புக்கு முதல் பரிசு கிடைத்தது. நடுவர் கேட்டார், ஏன் உள்ளே கறுப்பு வண்ணம் அடித்தாய் என்று. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மெடல் இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸில் தொங்குகிறது. ஒவ்வொரு கொலுவுக்கும் அதைத் துடைத்து வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம் வீடுகளில் இதற்குப் பெயர் உதவி. நான் இதைத் திருட்டு என்பேன். ஒரு பிள்ளை தப்பாகச் செய்து, பார்த்து, திரும்பச் செய்ய வேண்டிய நேரத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வார்னிஷ் அடித்த ஒரு பொருளைக் கையில் கொடுப்பது.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. ஆண்டு விழா மேடை ஏறினால் நாமெல்லாம் கடலோடிகள். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியதை ஏழு வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். கேட்டமரன் என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று சொன்னதும் கைதட்டல் காதைப் பிளக்கும். உண்மைதான், போனது. ஆனால் கைதட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இன்று கேட்டமரன் என்று விற்கிற இரட்டை உடல் படகும் நம் ஊர்க் கட்டுமரமும் ஒன்றில்லை என்று? கட்டுமரம் என்றால் பெயர் சொல்வதுதான், மரங்களைக் கயிற்றால் கட்டியது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள், மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள். தினமும் கட்டி அவிழ்த்த கை அது. அந்தக் கையின் பெருமையைப் பேசுகிற பிள்ளையிடம் நாம் ஒரு ஸ்க்ரூவைத் திருகக்கூட விடுவதில்லை.

மேடையில் பேச இன்னொரு கதையும் இருக்கிறது, அமெரிக்காவிலேயே முடிகிற கதை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவி பெயரில் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். அதை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிளாஸ்டர் துறைமுகம் வரை ஓட்டி வந்தவர்கள் அதே வல்வெட்டித்துறைத் தமிழர்கள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று தாண்டி 1938 ஆகஸ்டில் வந்து சேர்ந்தார்கள். நம் அப்பாக்கள் எச்1பியில் வந்ததற்கு அறுபது வருடம் முன்னால், காற்றை நம்பி வந்த தமிழர்கள். அந்த ஊரில் ஒரு சிறுவன் தண்டையல் ஆவது எப்படி நடந்திருக்கும்? கயிற்றை அவன் கையில் கொடுத்துத்தான் நடந்திருக்கும். "நீ தள்ளி நில்லு, நான் முடிச்சுப் போடுறேன், போட்டோ மட்டும் எடுத்துக்கோ" என்று சொல்லி யாரும் தண்டையலை உருவாக்க முடியாது.

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். அங்கிள் என்னிடம் சொன்ன காரணங்கள் முட்டாள்தனமானவை இல்லை. சால்டரிங் அயன் 350 டிகிரி செல்சியஸ் சூடு, பிள்ளை கையைச் சுட்டுக்கொள்வான். எப்பாக்ஸி தோலில் பட்டால் அலர்ஜி வரும். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, மதியம் கணக்கு, ஞாயிறு நீச்சல், நடுவில் எங்கே நேரம்? கெட்டுப் போனால் அழுவான், பாவம்.

சூடு உண்மை. அதனால்தான் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். கண்ணாடி போட்டு, ஜன்னலைத் திறந்து, கையுறை மாட்டி, அயனை வைக்கிற ஸ்டாண்ட் எங்கே என்று முதலில் காட்டி, வேலை முடிந்ததும் கை கழுவச் சொல்லி. முதல் பத்து இணைப்பு வெறும் துண்டு ஒயரில் போடட்டும். ஈயத்தை அயனில் உருக்கிச் சொட்ட விடாதே, ஒயரைச் சூடாக்கு, ஒயரே ஈயத்தை உருக்கட்டும் என்று ஒரு தடவை சொன்னால் போதும். எட்டாவது இணைப்பு பளபளவென்று வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் தங்கள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சத்தியமாகக் கஷ்டம்.

நேரம் இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவசரம் யாருக்கு? படகுக்கா? டிசம்பர் ஆனால் டிசம்பர் ஆகட்டும். ஏரி 1904இலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

இன்னும் மோசமான உதவி ஒன்று உண்டு. பெட்டியிலேயே முழுசாக வருகிற வேகப் படகு. மணிக்கு 40, 50 மைல் போகும் என்று அட்டையில் எழுதியிருக்கும். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "உனக்குப் படகுதானே வேணும்" என்பார்கள். அந்த வேகத்தில் போகிற படகை ஆரம்பக்காரர் திருப்பினால் குப்புறக் கவிழும், இல்லை கரையில் மோதும். உள்ளே இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. அடிபட்டாலோ தப்பாக சார்ஜ் செய்தாலோ தீப்பிடிக்கும். இரண்டாவது வாரம் அது கராஜ் பரணுக்குப் போய்விடும்.

ஆரம்பக்காரருக்கு நான் சொல்வது ஏரியில் பார்த்தோமே, அந்த ஷூ பெட்டிதான். ஸ்பிரிங்கர் என்று பெயர். நீளம் 18 அங்குலம், அகலம் 8. பல கிளப்புகளில் முதல் படகாக இதைத்தான் கட்டச் சொல்வார்கள். காரணம் எளிது. பக்கப் பலகை இரண்டும் தட்டை, ஒரே அச்சு. அடிப்பலகை ஒரு பக்கமாக மட்டும் வளைகிறது. மெல்லிய பிளைவுட் அதற்கு ஒத்துழைக்கும். இரண்டு திசையிலும் வளைகிற அழகான படகை முதலில் எடுத்தால் ஆறு மாதம் மணல் காகிதம் தேய்த்தே வெறுத்துவிடும். அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அசிங்கமான படகில் தப்பு செய்யப் பயம் வராது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி எடை. 18ஐ 8ஆல் பெருக்கினால் 144 சதுர அங்குலம், சரியாக ஒரு சதுர அடி. ஒரு சதுர அடி, ஓர் அங்குல உயரத் தண்ணீரின் எடை சுமார் 5.2 பவுண்டு. அதாவது படகு ஓர் அங்குலம் கீழே இறங்க ஏறக்குறைய ஐந்து பவுண்டு வேண்டும். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைவதால் கொஞ்சம் குறையும். ஆர்க்கிமிடீஸ் கதையைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம், ஒரு ராஜா, ஒரு கிரீடம், ஒரு குளியல் தொட்டி. இதற்கும் குளியல் தொட்டிதான். படகைத் தொட்டியில் மிதக்க விட்டால் தக்கை போல மேலே நிற்கும், ஒரு பக்கம் சாயும். எவ்வளவு எடை வைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும்? சமையலறைக்குப் போங்கள். துவரம் பருப்பு, அரிசி, உப்பு, எல்லாவற்றையும் ஜிப்லாக் பையில் அரை அரை பவுண்டாகக் கட்டுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நகர்த்தி நகர்த்தி, படகு நேராக உட்காரும் வரை பிள்ளையே வைத்துப் பார்க்கட்டும். பிறகு அந்தப் பைகளை எடுத்து நிறுத்து, அதே இடத்தில் அதே எடைக்கு இரும்போ ஈயமோ வைக்கலாம். வேறு படகுகளில் தொல்லையான கனத்த 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இதில் வரம். பேட்டரியே பாதி எடை வேலையைச் செய்துவிடும். அம்மா பருப்பு டப்பாவைத் தேடும்போது மட்டும் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சாதாரண பிரஷ் மோட்டார், பின்னாலும் போகத் தெரிந்த ஸ்பீட் கன்ட்ரோலர், சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் ரிசீவரும். இதை ஓட்ட அமெரிக்காவில் தனி லைசென்ஸ் வேண்டாம். இந்த அலைவரிசை தண்ணீருக்குள் போகாது, ஆகவே ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மோட்டாரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மிக்ஸி போலக் கத்தும். தண்டு போகிற குழாயில் கிரீஸ் அடைக்க வேண்டும், தண்ணீரைத் தடுப்பது அதுதான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். ரிமோட்டை முதலில் ஆன் செய்து பிறகு படகை, முடிக்கும்போது முதலில் படகை ஆஃப் செய்து பிறகு ரிமோட்டை. வரிசை மாறினால் படகு பேயாட்டம் ஆடலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யக் கூடாது. அதுதான் சிரமம். தெரிந்துகொண்டு, கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் கொஞ்சம் நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். படகோ ஆளோ உடையாத தப்பு என்றால் நடக்கட்டும். தீப்பிடிக்கிற தப்பு என்றால் கையைப் பிடியுங்கள்.

நானும் யோக்கியம் இல்லை. ஒரு நாள் அவன் சுக்கானை அறுத்துக்கொண்டிருந்தபோது ரம்பம் விலகி விலகிப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க குடு" என்று வாங்கி நானே அறுத்துவிட்டேன். அப்படியே என் அப்பாவின் குரல்! கையில் ரம்பத்தோடு உறைந்து போனேன். அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொரு தகடு கொடுத்தேன்.

ஆமாம், இரண்டாவது படகு கட்டினோம். அதற்கு முன் அங்கிளோடு ஒரு நாள் பேசினேன். திட்டத்தான் போனேன், முடியவில்லை. அவர் ஊர் விருதுநகர் பக்கம். சின்ன வயதில் திருவிழாக் கடையில் தகரப் படகு வாங்கித் தரச் சொல்லி அழுதாராம். உள்ளே எண்ணெய்த் திரி ஏற்றினால் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீரில் சுற்றுமே, அது. வாங்கித் தரவில்லை. பிறகு படிப்பு, கோச்சிங், இன்ஜினியரிங், வேலை, விசா. "நாப்பத்தஞ்சு வயசுல முதல் தடவையா ஒரு விளையாட்டுச் சாமான் என் கைக்கு வந்துச்சும்மா. விட மனசு வரல" என்றார்.

நம் அப்பாக்கள் பிடுங்குவது நம்மை நம்பாததால் மட்டும் இல்லை போல. அவர்களுக்கும் ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்கு நம் கராஜில் இடம் வேண்டும், நம் படகில் இல்லை. ஆகவே தந்தையர் தினத்துக்கு டை, பெர்ஃப்யூம் வாங்குகிற பணத்தில் அவருக்கென்று தனியாக ஒரு பிளைவுட் பலகையும் ஒரு மோட்டாரும் வாங்கிக் கொடுங்கள். ஒரே மேசையில் இரண்டு படகு. நடுவில் ஒரு மாஸ்கிங் டேப் கோடு. யாரும் தாண்டக் கூடாது. அங்கிள் வீட்டில் அந்தக் கோடு இப்போதும் இருக்கிறது, இரண்டு தடவை தாண்டினார், இரண்டு தடவையும் பையன் கத்தினான்.

பையனின் படகு பிப்ரவரியில்தான் முடிந்தது. பெயின்ட் ஒரு பக்கம் ஒழுகியிருக்கிறது. ஒயர்கள் இடியாப்பம். போன ஞாயிறு ஸ்ப்ரெக்கெல்ஸ் ஏரியில் இறக்கினோம். அங்கிளின் வார்னிஷ் படகு நேராக, மிடுக்காகப் போனது. இது இடது பக்கமே இழுத்தது. வட்டம் அடித்தது, மறுபடி வட்டம் அடித்தது. ரிமோட்டில் டிரிம்மை எவ்வளவு தள்ளியும் போதவில்லை. கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். சர்வோ கை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது என்று எனக்கு மேலேயிருந்தே தெரிந்தது. என் கை தானாகப் படகின் பக்கம் போனது.

"அக்கா, தொடாதீங்க" என்றான் நிமிராமலே. "எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவர் மட்டும் குடுங்க."